கடல்முயல் காட்டிய நினைவின் சுவடு

நினைவு எங்கே, எவ்வடிவில் உறைகின்றது என்னும் வினா நெடுங்காலம் மெய்யியலாருக்கே உரியதாயிருந்தது. அதனை உயிரியலின் வினாவாக மாற்றியவருள் ஸ்பானிய அறிஞர் சந்தியாகோ ரமோன் இ கஹால் குறிப்பிடத்தக்கவர். கற்றலின்போது நரம்புக்கலங்களிடையேயுள்ள இணைப்புகள் வலுவுறக்கூடும் என 1894இல் இலண்டனில் ஆற்றிய உரையொன்றில் அவர் கருத்துரைத்தார். அதனைச் சோதித்தறியும் வழி அன்று இருக்கவில்லை.

எலிகளின் மூளைப்புறணியைப் பகுதி பகுதியாக நீக்கி நினைவின் இருப்பிடத்தைத் தேடிய கார்ல் லாஷ்லி, தமது தேடல் கைகூடவில்லை என்றே 1950இல் எழுதினார். கோடானுகோடி கலங்கள் பின்னிக்கிடக்கும் மூளையில் ஒரு நினைவின் தடத்தைப் பின்தொடர்தல் அரிதாயிற்று.

இந்நிலையில் எளிய உயிரொன்றை நாடியவர் எரிக் கண்டெல். வியன்னாவிற் பிறந்து, நாசிகளின் கொடுமையால் 1939இல் அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்த அவர், 1962இல் பாரிஸ் நகரில் லாடிஸ்லாவ் டோக்குடன் இணைந்து அப்ளீசியா என்னும் கடல்முயலை ஆராயத் தொடங்கினார். இம்மெல்லுடலியின் நரம்புத்தொகுதியில் ஏறத்தாழ 20,000 கலங்களே உள. அவற்றுட் சில வெறுங்கண்ணாற் காணத்தக்க பருமனுடையன.

நத்தையினத்து உயிரொன்று மனித நினைவைப் பற்றி எதனைக் கூறவல்லது எனப் பலர் ஐயுற்றனர். அவ்வையம் புறக்கணிக்கத்தக்கதன்று. எனினும், அறுவைச் சிகிச்சையின் பின் புதிய நிகழ்ச்சிகளை நினைவிற்கொள்ளும் ஆற்றலை இழந்த நோயாளியொருவர், கைத்திறனொன்றை நாளுக்குநாள் கற்றுத் தேறியதைப் பிரெண்டா மில்னர் 1962இல் எடுத்துக்காட்டினார். நினைவு ஒருவகைப்பட்டதன்று என்பதும், அதன் எளிய வகைகளைச் சிற்றுயிர்களிலும் ஆராயலாம் என்பதும் இதனாற் புலனாயின.

கடல்முயலின் நீர்க்குழலைத் தொட்டால் அது தன் பூவை உள்ளிழுக்கும். மீண்டும் மீண்டும் தொட்டால் அத்தெறிவினை தளரும்; வாலில் மின்னதிர்ச்சி கொடுத்தபின் தொட்டால் மிகும். புலன்கலங்களுக்கும் இயக்கக்கலங்களுக்கும் இடையிலான இணைப்பின் வலு மாறுவதே இதற்கு அடிப்படை எனக் கண்டெல் குழுவினர் 1970 முதல் நிறுவினர். குறுங்கால நினைவில், செரட்டோனினும் அது கலத்தினுள்ளே பெருக்கும் சக்கர ஏஎம்பியும் ஏற்கெனவே உள்ள இணைப்பை வலுப்படுத்துகின்றன. நெடுங்கால நினைவுக்கோ புதிய புரதங்கள் வேண்டும்; புதிய இணைப்புகளும் முளைக்கின்றன. கிரெய்க் பெய்லியும் மேரி சென்னும் 1983இல் இவ்வமைப்பு மாற்றத்தை நுண்காட்டியிற் கண்டனர்.

இஃது ஒரு நத்தையின் தனியியல்பாயின் ஐயுற்றோர் கூற்றே வென்றிருக்கும். ஆனால், சீமர் பென்சரின் ஆய்வுகூடத்தில் 1976இல் அறியப்பட்ட, கற்கவியலாத பழஈக்களின் குறைபாடும் சக்கர ஏஎம்பியைச் சிதைக்கும் நொதியத்திலேயே உள்ளது எனப் பின்னர் தெரியவந்தது. 2000ஆம் ஆண்டில் கண்டெல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இளமையிற் கண்ட முகமொன்று முதுமையில் முழுமையாக மீள்வது எங்ஙனம் என்பதைக் கடல்முயல் விளக்கவில்லை. ஆயினும், கற்கும் உயிர் தன் நரம்பின் அமைப்பிலேயே மாறுகின்றது என்னும் உண்மையை அதுவே முதலில் தெளிவாகக் காட்டிற்று. கஹாலின் ஊகம் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின் சான்று பெற்றது.