படி அரிசிக்கு ஒரு நாடகம்

1893-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னையில் ஒரு பள்ளி ஆசிரியர் வீடு வீடாகப் படியேறினார். பெயர் அளசிங்கப் பெருமாள். வேலை பச்சையப்பன் பள்ளியில். சாந்தோமில் தங்கியிருந்த ஒரு வங்காளத் துறவியைச் சிகாகோவுக்குக் கப்பலேற்ற வேண்டும். முதலில் சேர்ந்த பணத்தை ஏழைகளுக்குக் கொடுத்துவிடச் சொல்லிவிட்டார் அந்தத் துறவி. இளைஞர் கூட்டம் சலிக்காமல் மறுபடி கிளம்பியது. மே 31 அன்று பம்பாயில் கப்பலேறிய விவேகானந்தரின் பயணச் செலவில் நடுத்தரக் குடும்பத்துச் சில்லறையும் உண்டு.

அன்றைய மயிலாப்பூரில் பணத்துக்குப் பஞ்சமில்லை. உயர்நீதிமன்ற வக்கீல்கள் லஸ் பக்கம் தோட்ட பங்களாக்களில் குடியிருந்தார்கள். வி. கிருஷ்ணசாமி ஐயர் ஒருவரே போதும், உதாரணத்துக்கு: ரானடே நூலகம், வேங்கடரமணா ஆயுர்வேத மருத்துவமனை, 1906-இல் சமஸ்கிருதக் கல்லூரி. அதே ஆண்டு அர்பத்நாட் வங்கி கவிழ்ந்து ஊரே பணத்தைப் பறிகொடுத்தபோது, அடுத்த வருஷமே இந்தியன் வங்கி எழுந்ததிலும் அவர் கை இருந்தது. இப்படிப்பட்ட பெரிய மனிதர்களிடம் வசூலிக்க ஒரு தாளும் பேனாவும் போதும். முதல் கையெழுத்து எந்தத் தொகைக்கு விழுகிறதோ, பட்டியலில் அடுத்து வருகிறவர்களின் கௌரவம் அதைப் பார்த்து நிர்ணயமாகும்.

கட்டடத்துக்கு இது சரிவரும். மாதாமாதம் அரிசி வாங்க?

1905-இல் மயிலாப்பூரில் ராமகிருஷ்ண மிஷன் மாணவர் இல்லம் தொடங்கியபோது எழுந்த கேள்வி அதுதான். பிளேக் நோயில் பெரியவர்களை இழந்த கோயம்புத்தூர்ச் சிறுவர்களைப் பற்றிக் கேள்விப்பட்ட விவேகானந்தரின் சகதுறவி சுவாமி ராமகிருஷ்ணானந்தர், பொறுப்பை ராமசுவாமி ஐயங்காரிடம் கொடுத்தார். ஒரு சின்ன வீடு, ஏழு பையன்கள். ஐயங்காரின் உறவினர் ராமானுஜாச்சாரி அரசுச் செயலக ஊழியர்; நாடகப் பிரியர். சக ஊழியர்களைச் சேர்த்து 'செக்ரடேரியட் பார்ட்டி' என்ற குழுவாக மேடையேறினார். பகலில் கோப்பு, இரவில் அரிதாரம். டிக்கெட் பணம் பையன்களின் சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் போயிற்று. பெரிய மனிதர் நன்கொடை தந்தால் பெயர் பதிவாகும். டிக்கெட் வாங்கிய குமாஸ்தாவுக்கோ குடும்பத்தோடு ஒரு சாயங்காலம் கிடைத்தது. கொடுப்பவர் எண்ணிக்கை பெருக அந்தச் சாயங்காலமே வழி செய்தது. இல்லம் 1921-இல் சொந்தக் கட்டடத்துக்குப் போனது.

நாடகம் காட்டிய வழியில் கச்சேரியும் நடந்தது. பாடகர் சன்மானத்தை விட்டுக்கொடுப்பார். முன்வரிசை நாற்காலிகள் பெருந்தொகை தந்தவர்களுக்கு, பின்வரிசை சில்லறைக்கு. கூடவே ஒரு சிறப்பு மலர்: வாழ்த்துரை நாலு பக்கம், நகைக்கடையும் ஜவுளிக்கடையும் தந்த விளம்பரம் நாற்பது பக்கம். வசூலில் கணிசமான பங்கு மலரிலிருந்தே வருவதுண்டு. இந்த உதவிக் கச்சேரி வழக்கத்தின் சிகரம் எம்.எஸ். சுப்புலட்சுமி. 1944-இல் கஸ்தூர்பா நினைவு நிதிக்காக ஐந்து கச்சேரிகள் பாடினார். 1974-இல் அவருக்கு மகசேசே விருது வந்தபோது அது பொதுச்சேவைப் பிரிவில் வந்தது.

பெண்களும் சும்மா இருக்கவில்லை. மயிலாப்பூர் மகளிர் மன்றம் 1956-இல் வித்யா மந்திர் பள்ளியைத் தொடங்கியது. பொழுதுபோக்கக் கூடியவர்கள் பள்ளி நடத்தும் நிர்வாகிகளானார்கள்.

இத்தனைக்கும் நடுவே ரசீதே இல்லாத கொடை ஒன்று மயிலாப்பூர்க் கோயிலின் மாடவீதிகளில் ஆண்டுதோறும் நடக்கிறது. பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள், அறுபத்து மூவர் உலா. அன்று கடைக்காரரும் குடித்தனக்காரரும் வாசலில் பந்தல் போட்டு மோர், பானகம், சாப்பாடு என்று வழங்குவார்கள். வாங்குகிறவர் யார், எந்த ஊர் என்று யாரும் கேட்பதில்லை. டிக்கெட்டும் கிடையாது, மலரும் கிடையாது.

அண்மைக் காலத்தில் கணக்கு தலைகீழானது. ஜனவரியில் நடக்கும் மயிலாப்பூர் திருவிழாவைப் பேட்டைப் பத்திரிகையான 'மயிலாப்பூர் டைம்ஸ்' முன்னின்று நடத்துகிறது. செலவைத் தாங்குவது சுந்தரம் ஃபைனான்ஸ். வடக்கு மாடவீதியில் கோலப் போட்டி, பழைய விளையாட்டுகள், கச்சேரி. பார்க்க வருகிறவர் காசு கொடுக்க வேண்டியதில்லை. நிதி திரட்டக் கொண்டாட்டம் நடத்தியது போய், கொண்டாட்டம் நடத்த நிதி தேடும் காலம் வந்திருக்கிறது. மாணவர் இல்லமோ இன்றும் நன்கொடையை நம்பியே நடக்கிறது. ஆனால் அதற்காக மாலையில் அரிதாரம் பூச இன்று எந்த அலுவலகத்திலிருந்தும் ஆள் வருவதில்லை.