ஜூ டவுனில் இருந்து நேர் தெற்கே போனால் எங்கே போய்ச் சேருவோம்?

கொச்சி மட்டாஞ்சேரியின் ஜூ டவுனில், 1568-ல் கட்டப்பட்ட பரதேசி யூத ஆலயத்தின் வாசலில் நிற்கிறீர்கள் என வைத்துக்கொள்வோம். அங்கிருந்து வரைபடத்தில் நேர் தெற்கே ஒரு கோடு போடுங்க. கேரளக் கரையைத் தாண்டிவிட்டால் குறுக்கே ஒரு தீவுகூட வராது. சுமார் 8,800 கி.மீ. தள்ளி அந்தக் கோடு அண்டார்டிகாவில் முட்டும். அதுவும் இந்தியாவின் 'பாரதி' ஆய்வு நிலையத்துக்குப் பக்கத்தில்! இரண்டு இடங்களுமே ஏறத்தாழ 76.2 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில் இருப்பதுதான் காரணம்.

அந்த இடம் எப்படி இருக்கும்?

அண்டார்டிகாவில் சுமார் 98% பனிக்கட்டிதான். ஆனால் பாரதி இருக்கும் லார்ஸ்மன் குன்றுகள், பனி மூடாத பாறை நிலம். சுமார் 40 சதுர கி.மீ. பரப்பில் 150-க்கும் மேற்பட்ட நன்னீர் ஏரிகள். கோண்ட்வானா காலத்தில் இந்தப் பகுதி நம்ம கிழக்குக் கடற்கரையோடு ஒட்டியிருந்தது.

முதலில் பார்த்தது யார்?

1773 ஜனவரி 17-ல் ஜேம்ஸ் குக் அண்டார்டிக் வட்டத்தைக் கடந்தார். நிலம் கண்ணில் படவில்லை. 1820-ல் ரஷ்யாவின் பெல்லிங்ஸ்ஹௌசன் கரையோரப் பனித்தட்டைக் கண்டார். லார்ஸ்மன் குன்றுகளைக் கண்டறிந்தவர் நார்வே கேப்டன் கிளாரியஸ் மிக்கெல்சன், ஆண்டு 1935. அதே பயணத்தில் அவர் மனைவி கரோலினும் இந்த வட்டாரத்தில் கரையிறங்கினார்.

இந்தியா எப்போது போனது?

முதல் குழு, எஸ்.இசட். காசிம் தலைமையில் 1981 டிசம்பரில் கோவாவில் இருந்து கிளம்பி, 1982 ஜனவரி 9-ல் இறங்கியது. 134 கன்டெய்னர்களைக் கொண்டு கட்டிய பாரதி 2012-ல் செயல்படத் தொடங்கியது.

சரி, அந்த இடம் யாருக்குச் சொந்தம்?

1959-ல் கையெழுத்தான அண்டார்டிக் ஒப்பந்தம், நாடுகளின் உரிமைக் கோரிக்கைகளை அப்படியே முடக்கி வைத்திருக்கிறது. ராணுவத்துக்குத் தடை, ஆய்வுக்கு அனுமதி. இந்த ஒப்பந்த நாடுகளின் 46-வது கூட்டம் 2024 மே 20 முதல் 30 வரை நடந்தது எங்கே தெரியுமா? இதே கொச்சியில்தான்.

இதுல நமக்கென்ன?

அண்டார்டிகாவின் பனி முழுவதும் உருகினால் உலகக் கடல்மட்டம் சுமார் 58 மீட்டர் உயரும். அது நாளைக்கே நடக்காது. ஆனால் பெரிய வேலியேற்றம் வந்தாலே கொச்சியின் தாழ்வான பகுதிகளில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்துவிடுகிறது. கடல் சில சென்டிமீட்டர் ஏறினாலே அங்கே பாதிப்பு அதிகம். அந்தக் கோட்டின் தெற்கு முனையில் உருகும் பனிக்கு, வடக்கு முனையும் விலை கொடுக்க வேண்டியிருக்கும்.