விதை நீக்கும் பொறியும் அடிமை முறையும்

கைத்தொழிற் புரட்சிக் காலத்துப் பொறிகள் மனித உழைப்பின் சுமையைக் குறைத்தன என்பது பொதுவான கருத்து. அக்கருத்து எத்துணை பொருந்தும் என்பதை ஆராயப் பருத்தியின் வரலாறு தக்க சான்றாகும்.

ஆர்க்றைற் (1769), குறொம்ரன் (1779) ஆகியோரின் நூற்பொறிகள் இங்கிலாந்தில் நூற்றலை விரைவுபடுத்தின; பஞ்சின் தேவை பெருகியது. அமெரிக்கத் தென்மாநிலங்களில் விளைந்த குறுநார்ப் பருத்தியிலோ விதைகள் இறுக ஒட்டியிருந்தன. ஒருவர் நாள் முழுதும் முயன்றும் ஏறக்குறைய ஓர் இறாத்தற் பஞ்சையே பிரித்தெடுக்க முடிந்தது. 1793இல் ஈலை விற்னி அமைத்த பொறி, கம்பிப் பற்கள் பதித்த உருளையால் நாரை இழுத்து, விதையைத் தடுத்து நிறுத்தி, நாளொன்றுக்கு 50 இறாத்தல் வரை தந்தது.

விதை நீக்கும் வேலை இலகுவாயிற்று. பயிரிடுதலும் பஞ்சு பறித்தலும் கைவேலையாகவே நின்றன. இலாபங் கண்ட தோட்ட உரிமையாளர் மேற்கே மிசிசிப்பிப் பள்ளத்தாக்கு வரை பருத்தி நிலத்தைப் பெருக்கினர். 1808இல் அடிமைகளின் இறக்குமதி தடைசெய்யப்பட்டபின், வேர்ஜீனியா முதலிய மாநிலங்களில் குடும்பங்கள் பிரிக்கப்பட்டு, அடிமைகள் தெற்கே விற்கப்பட்டனர். 1790இல் ஏறத்தாழ 7 இலட்சமாயிருந்த அவர்தம் தொகை 1860இல் 40 இலட்சத்தை அண்மியது. உள்நாட்டுப் போர் முடிவுற்ற 1865ஆம் ஆண்டிலேயே அடிமை முறை நாடு முழுவதும் சட்டப்படி ஒழிக்கப்பட்டது.

பொறியொன்றே இக்கொடுமைக்குக் காரணம் எனல் பொருந்தாது. நிலமும் மனிதரும் சிலரின் உடைமையாயிருந்த சமூக அமைப்பே அதனை அவ்வழியிற் செலுத்தியது. ஆதலின், ஒரு கண்டுபிடிப்பின் பயனை மதிப்பிடுவோர் அது எவர் கையில் இருந்தது என்பதையும் உடன் நோக்குதல் வேண்டும்.