குளிரை மறவாத செடி

பிழைப்பின் பொருட்டு வெளிமாநிலம் சென்ற நாம், ஊரின் நினைவையும் உடன் கொண்டு சென்றோம். செடிகளுக்கும் இத்தகைய நினைவு உண்டு என்றால் வியப்பாக இருக்கும். அந்நினைவின் இருப்பிடத்தை விஞ்ஞானிகள் கண்டறிந்த வரலாற்றைச் சிறிது காண்போம்.

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், மறையூருக்கு மேலே, ஏறத்தாழ 5000 அடி உயரத்தில் உள்ளது காந்தலூர். அஞ்சுநாட்டு ஊர்களுள் அதுவும் ஒன்று. தம் முன்னோர் மதுரைச் சீமையிலிருந்து வந்து குடியேறினர் என்பது அங்குள்ள தமிழர் வழிவழியாகக் கூறும் செய்தி. அவ்வூரின் படிக்கட்டு வயல்களில் வெள்ளைப்பூண்டும் காரட்டும் முட்டைக்கோசும் விளைகின்றன. ஆனால் குளிர்நாட்டுக் கோசு பூத்து விதை தர வேண்டுமாயின், வாரக்கணக்கில் கடுங்குளிர் நீடிக்க வேண்டும். அதனால்தான் அத்தகைய கோசுவிதை இமாசலத்தின் குலு பள்ளத்தாக்கிலுள்ள கட்ரெயின் போன்ற இடங்களில் உற்பத்தியாகிறது.

இங்கு ஒரு புதிர் எழுகின்றது. செடி பூப்பது குளிர் நீங்கிய பின்னரே. அப்போது தோன்றும் இளம் உயிரணுக்கள் குளிரைக் கண்டதேயில்லை. குளிர் வந்து போனதை அவை எவ்வாறு அறிந்தன?

1918இல் காஸ்னர் என்ற ஜெர்மானியர், குளிர்காலக் கம்புப்புல் தானியம் பூப்பதற்குக் குளிர் இன்றியமையாதது என்று காட்டினார். 1928இல் ஹைட்ஸ் என்பவர் பாசிச்செடியின் உயிரணுக்களை ஆராய்ந்து, குரோமோசோம்களின் சில பகுதிகள் எப்போதும் இறுகியே இருப்பதைக் கண்டார். 1974இல் அமெரிக்க அறிஞர் ரோஜர் கோர்ன்பெர்க், மரபுப் பொருளாகிய டி.என்.ஏ. இழை ஹிஸ்டோன் என்னும் புரதங்களைச் சுற்றி அமைந்திருக்கும் முறையை விளக்கினார். இழையும் புரதமும் சேர்ந்த இவ்வமைப்பே குரோமாட்டின்.

இராட்டையில் தளர்வாகச் சுற்றிய நூலை எளிதில் இழுக்கலாம்; இறுகிய சிட்டத்தில் நுனியும் அகப்படாது. மரபணுவும் அவ்வாறே. இலைக்கும் வேருக்கும் பூவுக்கும் மரபணுத் தொகுதி ஒன்றே. எவை செயற்படுகின்றன, எவை அடங்கிக் கிடக்கின்றன என்பதே அவற்றின் வேறுபாடு. நம் உடலில் ஈரலும் நரம்பும் வேறுபடுவதும் இதனாலேயே.

கோசின் உறவாகிய சிறு கடுகினச் செடியொன்றில், பூப்பதைத் தடுக்கும் மரபணு 1999இல் அறியப்பட்டது. குளிர் நீடிக்குந்தோறும் அம்மரபணுவைச் சுற்றியுள்ள ஹிஸ்டோன்களில் வேதிக்குறிகள் பொறிக்கப்பட்டு, அது அடங்கிவிடுகிறது என்பது 2004இல் தெளிவாயிற்று. உயிரணு இரண்டாகப் பிரியும்போது அக்குறிகள் இரண்டிற்கும் சேர்கின்றன. குளிர் நீங்கினும் நினைவு நீங்குவதில்லை. மரபணு அழியவும் இல்லை. வாயடைத்து நிற்கிறது, அவ்வளவே.

ஆனால் விதை உருவாகும்போது அக்குறிகள் துடைக்கப்படுகின்றன. அடுத்த தலைமுறைச் செடி தன் குளிர்காலத்தைத் தானே கண்டாக வேண்டும். குளிர்காலம் குறுகினால் அதன் பூப்பும் தவறிப்போகும்.

நம் பிள்ளைகளின் நிலையும் இதற்கு அணித்தே. ஊரின் நினைவும் தாய்மொழியும் பிறப்போடு வருவன அல்ல. தலைமுறைதோறும் நாம் புதிதாக ஊட்ட வேண்டியவை.