உக்கலில் வாழும் உயிர்கள்

பல ஆண்டு இடம்பெயர்வின் பின் வன்னியிலும் வலிகாமத்திலும் தம் காணிகளுக்குத் திரும்பியவர்கள் பலர், கூரை இழந்த வீடுகளில் கதவு நிலைகளும் வளைமரங்களும் உக்கிக் கிடப்பதைக் கண்டார்கள். வளவில் விழுந்த இலைகளும் உக்கி மண்ணாகியிருந்தன. இரண்டும் ஒரே வகை உயிர்களின் வேலை.

இறந்த சேதனப் பொருள்களிலிருந்து உணவு பெறும் உயிர்கள் அழுகல்வளரிகள் எனப்படும். பங்கசுக்களும் பற்றீரியாக்களுமே இவற்றுள் முதன்மையானவை. பங்கசுக்களில் பச்சையம் இல்லாததால் அவற்றால் தாமாக உணவு தயாரிக்க முடியாது. நாம் உணவை உண்ட பின்னரே அது சமிபாடடைகிறது. பங்கசிலோ சமிபாடு உடலுக்கு வெளியே நடக்கிறது. அதன் நுண்ணிய இழைகள் மரத்துக்குள் ஊடுருவி நொதியங்களைச் சுரக்கும். அவை செலுலோசை வெல்லமாகவும் புரதத்தை அமினோ அமிலங்களாகவும் உடைக்கும். கரைந்தவற்றை இழைகள் உறிஞ்சிக்கொள்ளும். வெளியே தெரியும் காளான், வித்திகளைப் பரப்பும் உறுப்பு மட்டுமே.

மரத்துக்கு உறுதி தரும் இலிக்னினைச் சிதைப்பது கடினம். வெண்ணிற உக்கலை உண்டாக்கும் பங்கசுக்கள் அதையும் சிதைக்கும். கபில உக்கலை உண்டாக்குபவை செலுலோசை உண்டு, இலிக்னினைப் பெரும்பாலும் விட்டுவிடும். அத்தகைய மரம் கட்டம் கட்டமாக வெடித்து, விரலால் நசுக்கத் தூளாகும்.

மண்புழுக்கள் உக்கும் இலைகளை விழுங்கி, மண்ணோடு கலந்து வெளியேற்றுகின்றன. சில கறையான்கள் புற்றுக்குள் பங்கசை வளர்த்து உண்கின்றன. மழைக்குப் பின் புற்றில் முளைக்கும் காளான்கள் இந்தப் பங்கசினுடையவை.

இவை வேலை செய்ய ஈரம் வேண்டும். மரத்தின் ஈரப்பதன் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பங்கசு பொதுவாக வளராது. ஆகவே வீட்டைத் திருத்தும்போது முதலில் ஒழுக்கை அடைத்து, காற்றோட்டம் உண்டாக்க வேண்டும். உக்கிய மரத்துக்கு வர்ணம் பூசி மறைப்பதால் பயனில்லை.

வயலில் இதே உயிர்கள் நமக்குத் துணை. யாழ்ப்பாணத்து விவசாயிகள் குழையும் பனையோலையும் தோட்டத்தில் தாழ்த்தி வந்தது இவற்றை நம்பித்தான். வைக்கோலை எரித்தால் அதிலுள்ள நைதரசனின் பெரும்பகுதி புகையோடு போய்விடும். உக்கவிட்டால் அது மண்ணில் சேரும். ஆனால் வைக்கோலில் காபன் மிக அதிகம், நைதரசன் குறைவு. அதை உக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் தமக்குப் போதாத நைதரசனை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும். விதைப்புக்குச் சற்று முன்னர் வைக்கோலை உழுதுவிட்டால் பயிர் மஞ்சளிப்பது இதனாலேயே. சில வாரங்கள் முன்னதாகவே உழுதுவிடுவது, அல்லது மாட்டெருவோடு குவித்து உக்கவைத்த பின் இடுவது நல்லது.