மன்னார் முதல் மாத்தளை வரை: காப்பிக் காலத்து நடைவழி

பேராக்கின் பழைய ரப்பர்த் தோட்டங்களில் பிறந்தோர்க்குக் 'கங்காணி' என்னும் சொல் புதியதன்று. கண்காணிப்பவர் என்னும் பொருளுடைய இச்சொல் மலாயாத் தோட்டங்களில் வழங்குவதற்கு முன்னரே இலங்கைத் தோட்டங்களில் வழங்கிற்று. ஆங்கே கங்காணி என்பவர் வேலையை மேற்பார்ப்பவர் மட்டும் அல்லர். மணலும் காடும் மலையும் கடந்து ஆட்களை நடத்திச் சென்ற வழித்தலைவரும் அவரே. அவ்வழியின் வரலாற்றை ஈண்டுச் சுருங்க நோக்குவோம்.

1820களில் கண்டி மலைநாட்டில் ஆங்கிலேயரின் காப்பித் தோட்டங்கள் தோன்றின. 1840களில் அவை பெருகின. மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி, திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டைப் பகுதிகளின் ஏழை மக்கள் அங்கு வேலைக்குச் சென்றனர். தொண்டி, அம்மாபட்டினம், பாம்பன் முதலிய துறைகளில் தோணி ஏறி மன்னார்க் கரையில் இறங்கினர். பின்னர் மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை ஏறத்தாழ 150 மைல் நடந்தனர்.

இவ்வழியின் முதற்பகுதி பாலையை ஒத்த மணல்நிலம், குடிநீர் அரிது. அடுத்தது வறண்ட காடு. பண்டை மன்னர் கட்டிய குளங்கள் பல அங்கே உடைந்தும் தூர்ந்தும் கிடந்தன. தேங்கிய நீரில் கொசு பெருகி மலேரியா பரவிற்று. மாசுற்ற நீரைக் குடித்தோரைக் காலரா கொண்டது. இறுதிப் பகுதி மலை. வெப்பநிலத்து மக்கள் போதிய ஆடையின்றி மழையிலும் குளிரிலும் நடந்தனர். நடக்கவியலாத நோயாளர் வழியிலேயே விடப்பட்டதும் உண்டு. வழிச்செலவுக்குக் கங்காணி தந்த முன்பணமோ தொழிலாளர் தலையில் கடனாக ஏறிற்று.

1841 முதல் 1848 வரை 70,000 பேர் மாண்டனர் என்று 1849இல் 'கொழும்பு அப்சர்வர்' இதழ் எழுதிற்று. திரும்பிச் சென்றோரின் கணக்கு நிறைவாக இல்லாமையால் அவ்வெண்ணை ஆய்வாளர் சிலர் ஐயுறுவர். ஆயினும் சாவு மிகுதி என்பதில் ஐயமில்லை.

திரும்பிச் சென்றோர் என்பது ஈண்டுக் கருதத்தக்கது. காப்பிப் பழம் பறிப்பது பருவகால வேலை. ஆதலின் அம்மக்களுட் பெரும்பாலோர் வேலை முடிந்ததும் அதே வழியே ஊர் திரும்பினர். 1869இல் தோன்றிய இலைநோய் காப்பியை அழிக்க, தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும். ஆகவே தொழிலாளர் குடும்பத்தோடு தங்கினர். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பலும் அதனோடு இணைந்த இரயிலும் ஓடத் தொடங்கின.

தங்கியவரையும் வந்துபோகிறவராகவே எண்ணியதன் விளைவு கொடிது. 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம், தந்தையோ தந்தைவழி முன்னோரோ அந்நாட்டிற் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. நடந்து வந்தவரின் மக்களிடம் அத்தகைய பத்திரம் ஏது? இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். 1964இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட உடன்படிக்கைப்படி அவருட் பெருந்தொகையினர் பின்னாளில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர்.

மலாயாவுக்கு வந்தோர் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கினர், வழி வேறு. எனினும் கங்காணி வாயிலாக ஆள் சேர்க்கும் முறை இலங்கையிலிருந்தே இங்கு வந்தது. 1938 வரை நீடித்தது. பிறப்புப் பத்திரமோ அடையாளக் கார்டோ இன்றி இடர்ப்படும் தமிழ்க் குடும்பங்கள் மலேசியாவிலும் உள. தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிவிட்ட இந்நாளில், எஞ்சியுள்ள தோட்டப் பெயர்ப்பட்டியல்களையும் பள்ளிப் பதிவேடுகளையும் காப்பது ஆசிரியர் கடமையாகும். அவை பழங்கணக்கு மட்டும் அல்ல. ஒரு குடும்பம் இம்மண்ணில் வாழ்ந்தமைக்குச் சான்றும் அவையே.