நாமக்கல் ஸ்டேஷனுக்கு எந்தக் கூரை?

மாடல் ரயில் செய்யறவங்க எஞ்சினுக்கு உயிரை விடுவாங்க. ஸ்டேஷன் கூரையை மட்டும் வெளிநாட்டு கிட்லேர்ந்து எடுத்து ஒட்டிடுவாங்க. ஆனா மக்களே, ஒரு ஸ்டேஷனோட வயசைச் சொல்றதே கூரைதான்.

கொஞ்சம் வரலாறு. 1829ல் லண்டன் துறைமுகக் கம்பெனி இன்ஜினியர் ஹென்றி பால்மர், இரும்புத் தகட்டை அலை அலையா நெளிச்சு காப்புரிமை வாங்கினார். 1837ல் பிரான்சின் சோரெல் இரும்புக்குத் துத்தநாகப் பூச்சு கொடுத்தார். நெளிவு இருந்தா மெல்லிய தகடும் தொய்யாது. பூச்சு இருந்தா சீக்கிரம் துருப்பிடிக்காது. அடுக்கிக் கப்பல்லயும் ஏத்தலாம். அப்புறமென்ன, உலகம் பூரா தகரக் கூரைதான்.

1861ல் மெட்ராஸ் ரயில்வே சேலத்தைத் தொட்டப்போ இந்தத் தகரம் ரெடி. சுமார் 50 கிலோமீட்டர் தள்ளியிருக்கற நாமக்கல்லுக்கு, சேலம்-கரூர் பாதையில ரயில் வந்தது 2013ல். நடுவுல 152 வருஷம்! நாமக்கல் மாடல்ல வார்ப்பிரும்புத் தூணும், பல்லு பல்லா வெட்டின மரப்பட்டையும் ஒட்டினா அழகாத்தான் இருக்கும். ஆனா ஒரு ஊர் காத்திருந்த காலத்தையே அழிச்ச மாதிரி ஆயிடும்.

பழைய கூரைதான் வேணும்னா சேலம் பக்கம் செய்ங்க. நெளிவுக்கு நெளிவு 3 அங்குலம், அதாவது 76 மி.மீ. 87ல் ஒரு பங்குன்னா 0.87 மி.மீ. பிளாஸ்டிக் ஷீட்ல அந்த இடைவெளியில கோடு கீறணும். 10 அடித் தகரம் 35 மி.மீ. ஆகும். அதனால ஒரே நீளமா விடாம, துண்டு போட்டு, மேல் துண்டு கீழ்த் துண்டு மேல ஏறற மாதிரி ஒட்டுங்க. மாத்தி ஒட்டினா மழைத்தண்ணி உள்ளே இறங்கும். மாடல்ல மழை பெய்யாதுதான், ஆனா தகரக் கூரைக்குக் கீழே வளர்ந்தவங்க பார்த்த உடனே கண்டுபிடிச்சிடுவாங்க!